ஆரோக்கியம் அத்தை முங்கிய குகை

சயாம் ரயில்பாதை போட ஜப்பான்காரர்கள் ரப்பர்த் தோட்டத்து ஆண்களை லாரியில் அள்ளிக்கொண்டுபோன காலத்தில், என் அப்பாவின் அத்தை ஆரோக்கியம் ஏழு பேரைத் தண்ணீருக்கடியில் கூட்டிப்போய் ஒரு குகைக்குள் ஒளித்துவைத்தார். இதை என் முக்குளிப்புக் குழுவில் சொன்னபோது, "காற்று உருளையும் இல்லாமல், விளக்கும் இல்லாமலா?" என்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சென்ற மார்ச்சில், மழையில்லாத சனிக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பிவிட்டேன்.

குகை முக்குளிப்புப் பயிற்சியாளர் ஒருவரோடு பாசிர் கூடாங்கிலிருந்து காலை ஆறரைக்குப் புறப்பட்டு, ஏழரைக்குக் கோத்தா திங்கியில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். (சாம்பார் வெறும் தண்ணீர், அதற்காக வண்டியை நிறுத்தாதீர்கள்.) அங்கிருந்து எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் 22 கிலோமீட்டர் செம்மண் பாதை. போகவர ஃபோர் வீல் வண்டிக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). நாங்கள் போகிற இடத்தையும் அத்தையின் கதையையும் கேட்டதும் ஓட்டுநர் முருகையாவின் முகம் மாறியது.

"அந்த ஏழு பேர்ல எங்கப்பாவும் ஒருத்தரும்மா. ஆனா ஊர்ல யாரும் நம்பல. சயாமுக்குப் போனவங்க திரும்பி வரல இல்ல? 'மத்தவங்கள காட்டிக் குடுத்துட்டு இவன் தப்பிச்சிட்டான்'னு அவர் சாகுற வரைக்கும் பேசினாங்க. இப்பவும் கோப்பிக் கடையில பேசுறாங்க லா."

ஒன்பது மணிக்குக் குகைவாயை அடைந்தோம். பாறைக்கடியில் கறுத்த குட்டை, அவ்வளவுதான். மீன் பிடிக்க முங்கியபோதுதான் அத்தை உள்ளே போகும் வழியைக் கண்டுபிடித்தாராம். கயிறு கட்டி, ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறார். லாரிச் சத்தம் கேட்டால் உள்ளே, லாரி போனதும் வெளியே.

நான் தண்ணீரில் இறங்கும்போது, நெற்றி நிறைய திருநீறு பூசியிருந்த முருகையா கரையில் நின்று சொன்னார்: "மூணு தடவை சொல்லுங்கம்மா, அதுக்குள்ள தலை மேல வந்துடும். எங்கப்பா சொன்னது." அடுத்து அவர் ஒப்பித்தது பிரியதத்த மந்திரம். மாதாவை நோக்கி அந்தக் காலத்துக் கத்தோலிக்கர்கள் சொன்ன பழைய வடிவம், ஒரு சொல் பிசகாமல். அத்தை மூச்சடக்க வைத்திருந்த அளவும் அதே மூன்று மந்திரம்தான் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள்.

உள்ளே பதினோரு மீட்டர் போனதும், மூன்றாவது மந்திரம் முடியும் முன்பே காற்று வந்தது. மார்பளவு தண்ணீரில் ஏழு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கலாம். எனக்கு உருளை இருந்தது. அத்தைக்கு எதுவும் இல்லை. போருக்குப் பின்னும் அவர் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியே காலத்தை ஓட்டினார். இந்த வட்டாரக் குகை முக்குளிப்பு வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் பெயராக ஆரோக்கியம் என்று எழுதட்டும்.

கரையேறியதும் முருகையா கேட்டார்: "நிக்க இடம் இருக்காம்மா?"

"இருக்குண்ணே. ஏழு பேருக்கும் இருக்கு."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: மழைக்காலத்தில் வேண்டாம். குகைப் பயிற்சி பெற்றவர் கூட வராமல் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். மூச்சடக்கிப் பார்க்கிற வீரமும் வேண்டாம். அத்தைக்கு வேறு வழி இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. தோட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

திரும்பும்போது முருகையா வண்டியை நேராக அந்தக் கோப்பிக் கடை வாசலில் நிறுத்தினார். "சொல்லுங்கம்மா, சத்தமா." குகையையும் மந்திரத்தையும் சத்தமாகவே சொன்னேன். மற்றவர்களைக் கொண்டுபோனது ஜப்பான்காரன் லாரி, இவருடைய அப்பா இல்லை என்றும் சொன்னேன்.

மூலை மேசையில் இருந்த பெரியவர் முனகினார். "அவங்கல்லாம் செத்தே போயிட்டாங்க. இப்ப எதுக்குப்பா இந்தப் பேச்சு?"

முருகையா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"செத்தப்புறமும் நீங்க பேசினீங்க இல்ல? இன்னிக்கி நாங்க பேசுறோம். உக்காந்து கேளுங்க."