பச்சையாகிப்போன பிரோசா

அறுபதுகளில் சிராங்கூன் ரோடு நகைக்கடை ஒன்றில் மணி கோத்தேன். ஆறாவதுக்கு மேல் படிக்காதவள்; யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கல் பதிக்கும் பத்தரைப் பார்த்துப் பார்த்துத்தான் கல்லைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் கேலாங்கிலிருந்து ஒரு முஸ்லிம் அம்மா வந்தார். கணவர் இறந்து, நாலு மாதத்துக்கு மேல் வெளியே வராமல் இத்தா இருந்து முடித்து, அன்றுதான் வெளியே வந்திருந்தார். கணவரின் பிரோசா மோதிரத்தை மகன் விரலுக்குச் சின்னதாக்க வேண்டுமாம். நீலமாக இருக்க வேண்டிய கல், பாசிபோலப் பச்சையாக இருந்தது.

முதலாளி ஒரு பார்வைதான் பார்த்தார். "இது போலிம்மா. அசல்னா நிறம் மாறுமா? இதக் கொடுத்துட்டு இந்தப் புதுப் பிரோசா மோதிரத்த எடுத்துக்குங்க. மேல கொஞ்சம் போட்டாப் போதும்லா."

"அசல் ஈரான் கல்லுன்னுதானே சொன்னாரு. முப்பது வருஷமாப் பொய்யா சொன்னாரு மனுஷன்?" அந்த அம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார்.

அது அசல் கல்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல கல்லைப் பறிப்பதே பாவம். அதற்காகச் செத்தவரைப் பொய்யராக்குவதா?

"உங்க வீட்டுக்காரர் என்ன வேலைம்மா பாத்தாரு?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"புரோட்டாக் கடை."

"அப்ப எண்ணெய்தாம்மா காரணம். அசல் பிரோசா எண்ணெய், வேர்வை எல்லாத்தையும் குடிச்சுப் பச்சையாயிடும். போலிதான் அப்படியே இருக்கும்."

"நீ கோக்குற வேலையப் பாரு," என்றார் முதலாளி.

பத்தரின் விளக்கில் ஊசியைக் காய்ச்சிப் புதுக் கல்லின் ஓரத்தில் வைத்தேன். சீப்பு கருகும் நாற்றம் வந்தது. பிளாஸ்டிக். பழைய கல்லையும் தொட்டேன்; இளகவில்லை.

அந்த அம்மா மோதிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "பொய் சொல்லல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போனார்.

முதலாளி கத்தவில்லை. "தீஞ்ச ஓரத்த உள்ள மறைச்சுப் பதிங்க," என்று பத்தரிடம் மட்டும் சொன்னார். அந்த வாரமே அந்தப் பிளாஸ்டிக் கல் மோதிரம் ஒரு மலாய்ப் பெரியவரிடம் அசல் என்று விலைபோனது. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலை போய்விடும் என்ற பயம்.

முதலாளியை இன்றும் நான் மன்னிக்கவில்லை. கடை வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். உண்மையை ஒருவரிடம் சொல்லிவிட்டோம் என்று திருப்திப்படாதீர்கள். அடுத்த ஆள் வருவார், அவருக்கும் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை.