ஆடியில் போடாத விளக்கு

என் மனைவி திண்டிவனத்தில் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும், பிள்ளைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்திப் பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள் மேல் அவளுக்கு ஆசை விடவில்லை. டப்பா டப்பாவாக வாங்கி ஒரு வீடு கட்டினாள். மாடி, போர்டிகோ, ஆறு சன்னல். முப்பது வருடம் அவளை வாடகை வீட்டிலேயே வைத்திருந்தவன் நான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

சர்க்கரை நோய் அவளுடைய ஒரு கண்ணை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. மற்றதைக் காட்ட மாதம் ஒருமுறை ரயிலில் விழுப்புரம் போய்வந்தோம். உள்ளே ரத்தம் கசிகிறது, எப்போது வேண்டுமானாலும் பார்வை போகலாம், ஆறு மாதமும் தாங்கலாம் என்றார் டாக்டர். நான் ஆறு மாதத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள். அந்த வீட்டுக்கு லைட் போட்டுத் தர வேண்டும், கண் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

நான் டி.வி. மெக்கானிக். கடுகளவு எல்.இ.டி. பல்பு ஆறும், தலைமுடி மாதிரி ஒயரும் வாங்கினேன். கட்டையின் மேலுள்ள குமிழ்களுக்கு நடுவே ஒயர் ஓட வேண்டும். குமிழ் மேல் ஏறினால், அடுத்த கட்டையை அழுத்தும்போது அறுந்துவிடும். மூன்று தடவை அறுத்துவிட்டு அவள் மேல் எரிந்து விழுந்தேன். நாலாம் தடவை சரியாக உட்கார்ந்தபோது ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"ஏங்க, ஒரு தபா போட்டுக் காட்டுங்களேன்" என்றாள்.

"ஆடியில எவனாவது புது வூட்டுல வெளக்கு போடுவானா? ஆவணி பொறக்கட்டும், பால் காய்ச்சிப் போட்டுக்கலாம்."

விளையாட்டு வீடுதானே என்று சிரித்தாள். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. எங்களுக்கென்று இருக்கும் ஒரே வீட்டை ஆடியிலா தொடங்குவது? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், ஒரு காலையில் எதிரிலிருந்த காபி டம்ளரைக் கையால் துழாவினாள். விழுப்புரத்துக்கு ஓடினோம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பாலும் காய்ச்சினேன். வீட்டை அவள் மடியில் வைத்து சுவிட்சைப் போட்டேன். ஆறு சன்னலும் மஞ்சளாக எரிந்தன. அவள் ஒரு சன்னலில் விரலை வைத்துத் தடவினாள்.

"சூடே இல்லியே. நெசமா எரியுதா?"

இந்த பல்பு சுடாது என்றேன். அவள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அவளைத் தேற்றப் பொய் சொல்கிறேன் என்றே நினைத்தாள். முகத்தில் தெரிந்தது.

"சரி, நிறுத்திடுங்க. பேட்டரி வீணாப் பூடும்."

நிறுத்தினேன்.