டேப்பின் ஓரத்தில் சிவப்பு

அமெரிக்காவில், ஃபிரிஸ்கோ நகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இரண்டு வயதுப் பேத்தி டேகேரில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பஞ்சு வைத்து மருத்துவ டேப் ஒட்டி அனுப்பினார்கள். புண் சுத்தமாக இருக்கட்டும் என்று தினம் ஐந்து முறை டேப்பை உரித்து, புதிது ஒட்டினேன்.

இரண்டாம் நாள் டேப் ஒட்டிய இடத்தில் ஆறு சிவப்புப் புள்ளிகள்; மூன்றாம் நாள் பதினேழு. நான்காம் நாள் தோல் வழன்று நீர் கசிந்தது. டேகேர் நடத்தும் தமிழ்ப் பெண்மணியிடம் போய்க் கத்தினேன்.

"என்ன கிரீம் தடவித் தொலைச்சீங்க?"

"ஒண்ணுமே தடவல அங்கிள்."

"பொய் சொல்லாதீங்க!"

அன்று மாலை மருமகள் எங்களைத் தமிழ் டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். சிவப்பு, ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் டேப்பின் அளவிலேயே இருப்பதை அவர் காட்டினார்.

"புண் ஆறிடுச்சு. டேப் பசைதான் ஒத்துக்கல. எத்தனை தடவை மாத்தினீங்க?"

"சரியா இருபது," என்றேன் பெருமையாக.

"அப்போ இருபது தடவை தோலையும் சேர்த்து உரிச்சிருக்கீங்க. குழந்தைத் தோல் தாங்குமா?"

"மாமா, இனிமே அவ கால்ல கை வைக்காதீங்க," என்றாள் மருமகள்.

டேகேர் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைச் சாத்தினார்.

இனி எப்போதாவது டேப் ஒட்டி, அதன் ஓரம் சிவந்தாலே மகனிடம் சொல்லி டாக்டரைக் கேட்கச் சொல்வேன். நானாக உரிக்க மாட்டேன். தோல் ஆறிப் பன்னிரண்டு நாளாகிறது. பேத்தி இன்னும் என்னைக் கண்டதும், "நோ தாத்தா!" என்று காலை மடக்கிக்கொள்கிறாள்.