மீனைக் கடலில் விட்டு வந்தவன்

எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் பயந்த விஷயம் கிரிட்டிசிசம் கிளாஸ். ஒருத்தி பாடம் நடத்துவாள். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து குறை எழுதுவார்கள். பாடம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக எழுந்து அதை அவள் முகத்துக்கு நேரே படிக்க வேண்டும். குறை சொல்லாதவளுக்கு மார்க் போய்விடும். அப்புறம் சிநேகிதியாவது, மண்ணாவது!

நான் தேறியே ஆக வேண்டும். அப்பா ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். பட்டணத்துக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் பேச்சு மட்டும் திருநெல்வேலியை விட்டு வரவில்லை. “தேறுனா வேலைக்குப் போளா. தேறலைன்னா மாப்பிள்ள தயாரா இருக்கான்” என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளை சாத்தூரில் மிளகாய் மண்டி வைத்திருந்த தூரத்துச் சொந்தம். ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். வந்ததிலிருந்து போகிற வரைக்கும் தும்மிக்கொண்டே இருந்தார்.

எனக்குக் கொடுத்த பாடம், மூன்றாம் வகுப்புக்கு ‘மீன் பிடித்தல்’. படத்தை மாட்டிக் குச்சியால் காட்டுவதற்குப் பதிலாக, படத்தையே ஓட வைப்பது என்று முடிவு செய்தேன். ஒரு பெரிய பிஸ்கட் டின்னின் மேல் பாதியில் சுற்றிலும் சின்னச் சின்னப் பிளவுகள் வெட்டினேன். உள்ளே கீழ்ப் பாதியில், ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறின பன்னிரண்டு படங்களை வரைந்து ஒட்டினேன். டின்னைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, முறுக்கி விட்டால் சுழலும். பிளவு வழியாகப் பார்த்தால் உள்ளே கட்டுமரத்தில் ஒருவன் துடுப்புப் போட்டுக்கொண்டு கடலுக்குள் போவான். முதல் தடவை அவன் அசைந்தபோது தனியாக நின்று கைதட்டினேன்.

ஒத்திகையில் முதலில் எழுந்தவள் காசிமேட்டுக்காரி. அவள் வீட்டு ஆண்களெல்லாம் கடலுக்குப் போகிறவர்கள்.

“இன்னாமே இது? போறான், போறான், போய்கினே கீறான்! திரும்பி வூட்டுக்கு வர மாட்டானா? எங்கம்மா பாத்துச்சுன்னா உன் டின்ன நசுக்கிப்புடும்.”

அவள் குரல் நடுங்கியதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஆறு படத்தில் போக விட்டு, ஆறு படத்தில் திரும்பக் கொண்டுவந்தேன். உடனே, “வெறுங்கையோட வந்தா சோத்துக்கு இன்னா பண்ணும் அவன் பொண்டாட்டி?” என்றாள். திரும்பும்போது கூடை நிறைய மீன் வைத்தேன்.

அடுத்தவள் ரயில்வேக்காரர் மகள். “பச்சைக் கொடி காட்டாம எப்படிக் கிளம்பறான்?” என்றாள். கட்டுமரத்துக்கு எதற்கடி கொடி என்றால், “எதுவா இருந்தா என்ன, கிளம்பறதுன்னா ஒரு ஒழுங்கு வேணாமா?” என்று சண்டைக்கு வந்தாள். கரையில் கொடியோடு ஓர் ஆளை நிறுத்தினேன். கடைசியாக, பயிற்சிப் பள்ளியை நடத்திய கன்னியாஸ்திரீ, எங்கள் சிஸ்டர், பார்த்தார். கட்டுமரக்காரனின் கோவணத்தைக் கண்டதும் சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “பிள்ளைகள் பார்க்கிற படம். இவருக்கு உடுப்புப் போடு” என்றார். சட்டையும் முழுக்கால் சட்டையும் மாட்டிவிட்டேன். தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா மீன் பிடிக்கக் கிளம்பினது போல இருந்தது.

ஒரு தொல்லையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. கயிற்றின் முறுக்கு அவிழ்ந்து தீர்ந்ததும் டின் எதிர்ப்பக்கமாகச் சுழல ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே கையால் பிடித்து நிறுத்தி விடுவேன்.

பரீட்சையன்று வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. டின்னைச் சுழற்றினேன். அவ்வளவுதான், மூன்றாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சைத் தாண்டி வந்து மொய்த்துக்கொண்டது. என்னைத் தள்ளிய தள்ளில் நான் கரும்பலகையோடு ஒட்டிப்போனேன். அந்த அம்மாளும் குனிந்து பிளவில் கண்ணை வைத்தார். டின் நின்றது. எனக்குக் கை எட்டவில்லை. ஐயோ, எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது!

உள்ளே சட்டை, கால்சட்டை போட்ட மனிதன் கூடை மீனோடு கரையிலிருந்து பின்பக்கமாகவே கடலுக்குப் போனான். பிறகு வெறுங்கையோடு பின்பக்கமாகவே கரைக்கு வந்தான். கரையில் ஒருவன் அவனுக்குப் பச்சைக் கொடி காட்டினான்.

அம்மாள் நிமிரவில்லை. “இவர் மீனைக் கடலில் விட்டுவிட்டு வருகிறாரா?” என்று கேட்டார்.

“ஆமாம்மா” என்றேன். வேறென்ன சொல்வது?

“இது யார் யோசனை?”

“எல்லோரும் சொன்ன குறையெல்லாம் திருத்தினேன்மா. திருத்தினதில் இப்படி ஆகிவிட்டது.”

பின் வரிசையில் ஒருத்திகூடத் தலையைத் தூக்கவில்லை. அம்மாள் வெகு நேரம் எழுதினார். அவர் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தபோது, ‘தேர்ச்சி. குறை கூறினால் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்பவர்’ என்று இருந்தது. திங்கட்கிழமையே மாதிரிப் பள்ளியில் வேலைக்குச் சேரலாம் என்றார் சிஸ்டர். கால் தரையில் பாவாமல் கடைக்கு ஓடினேன்.

அப்பா அதைப் படித்துவிட்டு, சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினார். “குறை சொன்னா முகம் சுளிக்க மாட்டாளாம்! சர்க்கார் அம்மாவே எழுதியிருக்காவ. ஒரு மாமியாருக்கு வேற என்னய்யா வேணும்? இன்னைக்கே சாத்தூருக்கு எழுதுதேன்.”

எனக்குத் தலை முதல் கால் வரை பற்றி எரிந்தது. கடை நிறைய ஆள் இருந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

“அப்பா, நான் வரைஞ்ச படத்துல ஒருத்தன் இருந்தான். இவ சொன்னா, அவ சொன்னான்னு எல்லார் பேச்சையும் கேட்டுக்கேட்டு, கடைசியில கையில இருந்த மீனக் கொண்டுபோய்க் கடல்ல விட்டுட்டு வந்தான். நீங்களும் என்னைய அப்படிக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துராதிய.”

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அப்பா யாரோ கேட்டிருந்த துவரம்பருப்பை நிறுத்து, பொட்டலம் கட்டி, சணலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“திங்கக்கிழம எத்தன மணிக்குளா பள்ளிக்கூடம்?” என்றார்.