ஷட்டரைத் தூக்க ஒரு மனு

போன வாரம் எனக்கு நடந்த அவமானத்தை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொன்னால் கண்ணும் மூக்கும் வைத்துச் சொல்வார்கள்.

நாகர்கோவிலில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ‘லே’ எது, ‘லை’ எது, ‘ரைஸ்’ எது, ‘ரெய்ஸ்’ எது என்று இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் பல வாரம் உங்கள் உயிரை வாங்கியிருக்கிறேன். நீங்கள் பொறுத்துக்கொண்டீர்கள். இராஜாக்கமங்கலத்து விவசாயி தங்கசாமிதான் பாவம்... நம்பிவிட்டார்.

காலையிலேயே வந்து நின்றார்.

“ஒரு மனு எழுதணும் சாரே. சானல்ல ஷட்டரை எறக்கிப் போட்டுட்டாவ. நம்ம வயலுக்கு வெள்ளம் வரேல்ல. கதிரு பொதியில நிக்கு. நாலு நாளு தாங்காது.”

எங்கள் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம், பாசனக் கால்வாய்க்குச் சானல், அதன் மதகுப் பலகைக்கு ஷட்டர் என்றுதான் பேர். நெற்கதிர் வெளிவராமல் மடலுக்குள்ளேயே பொதிந்திருப்பது பொதி.

“தமிழ்ல எழுதுனா போதாதா ஓய்?”

“அது மேசைக்கு அடியில போயிரும். இங்கிலீஷ்ல இருந்தாத்தான் ஆபீசர் நிமிந்து பாப்பாரு.”

வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் பல வருஷம் ஆயிற்று. நம் மனுக்கள் மட்டும் இன்னும் அவனுக்குத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தேன்.

எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டுச் சிவதாணுவிடம் பெருமையாகக் காட்டினேன். தாலுகா ஆபீசில் ஹெட்கிளார்க்காக இருந்தவர். அங்கேதான் வினை. ஷட்டரை ‘ரெய்ஸ்’ பண்ண வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். ‘ரைஸ்’தான் சரி என்றார் அவர். தானாக எழுந்தால் ‘ரைஸ்’, ஒருவர் தூக்கிவிட்டால் ‘ரெய்ஸ்’ — முப்பது வருஷம் இதையே சொல்லிக்கொடுத்தவனிடமா? ஷட்டர் என்ன, தூங்கி எழுந்து பல் தேய்க்கப் போகிறதா?

இரண்டு பேரும் விடவில்லை. அவர் ஒரு அகராதி கொண்டுவந்தார். நான் அதைவிடத் தடிமனான ஒன்றைக் கொண்டுவந்தேன். மறுநாளும் அதே வழக்கு. மூன்றாம் நாள் மத்தியானம் சிவதாணு தோற்றார். அன்று எனக்குச் சோறு ஒரு பிடி கூடுதலாகவே இறங்கியது.

இடையில் இரண்டு தடவை தங்கசாமி வாசலில் வந்து நின்றார்.

“ஆச்சா சாரே?”

“மனுன்னா சும்மாவா? கொஞ்சம் பொறும்.”

நான்காம் நாள் மனுவோடு நானே பஸ் ஏறி அவர் வயலுக்குப் போனேன். ஷட்டர் ஏற்கெனவே மேலே நின்றது. சானலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“நேத்து சாயங்காலம் ஆபீசர் ஜீப்புல வந்தாரு,” என்றார் தங்கசாமி. “மறிச்சு, ‘வெள்ளம் இல்ல சாரே’ன்னேன். திருவனந்தபுரத்துக்காரராக்கும். ஒடனே எறங்கி வந்து பாத்தாரு. ஆளு விட்டுத் தூக்கிட்டாவ.”

அதிகாரி மலையாளி; அவருக்கும் வெள்ளம் என்றால் தண்ணீர்தான். விவசாயி பேசுவது பாதி மலையாளம். நடுவில் இங்கிலீஷ் எதற்கு? இது தங்கசாமிக்குத்தான் தோன்றவில்லை, சரி... ஊருக்கே பாடம் நடத்தும் எனக்கு எங்கே போயிற்று புத்தி?

“அப்போ பயிரு பிழைச்சுட்டு?”

“மேல உள்ளது பிழைச்சுது. கடைசி வயலு போச்சு. ரெண்டு நாளு முந்தி வெள்ளம் வந்திருந்தா...”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரப்பில் உட்கார்ந்து ஒரு பொதியைப் பிரித்துப் பார்த்தேன். கதிர் உள்ளேயே காய்ந்து போயிருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மனு என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதில் ஒரு பிழை கிடையாது.