பதினேழாம் தேதி போய்ச் சேர்ந்த வாரண்டு

விரல் கணுக்களில் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தார் என் தங்கையின் கணவர். மூன்று, நான்கு, ஐந்து என்று உதடு மட்டும் அசைந்தது. பதின்மூன்றில் கட்டைவிரல் நின்றது. மறுபடியும் மூன்றிலிருந்து தொடங்கினார். குளியலறைக்கு வெளியே தோளில் துண்டோடு காத்து நிற்கும்போதும் இதே வேலைதான்.

“அந்த விரலை விட்டுடுங்க, தேஞ்சிடப்போகுது,” என்றாள் தங்கை.

காவல் நிலையத்தில் அவர் எழுத்தர். எந்தப் புகார் எந்தக் கிழமை வந்தது என்பதைப் பதிவேட்டைப் புரட்டாமலே சொல்வார். அங்கே அவருக்குப் பெயர் ‘காலண்டர்’. பேனா இரவல் கேட்பவர்களிடம் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டுதான் தருவார். மூடியில்லாத பேனாவை எவரும் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போவதில்லை என்பது அவர் அனுபவம். எங்கள் குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, மண நாள்களைக் குறித்து வைப்பவன் நான். ஐயம் வந்தால் நான் சரிபார்ப்பது அவரிடம்தான்.

அத்தகையவருக்குத்தான் நாள்கணக்கு பிசகியது. ஒரு கடையில் வாங்கிய இருமல் மருந்தைக் குடித்து மூன்று வயதுப் பெண் குழந்தைக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. அக்கடையைச் சோதிக்க மூன்றாம் தேதி நீதிபதி வாரண்டில் கையெழுத்திட்டார். ஏழாம் தேதி சோதனையில், போலிச் சீட்டு ஒட்டிய நாற்பத்தெட்டுப் புட்டிகள் பிடிபட்டன. பிடிபட்ட பொருள்களின் பட்டியலோடு வாரண்டைப் பத்து நாளுக்குள் நீதிமன்றத்தில் திருப்பித் தர வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து எண்ண வேண்டியதை இவர் சோதனை நாளிலிருந்து எண்ணிவிட்டார். வாரண்டு போய்ச் சேர்ந்தது பதினேழாம் தேதி.

கடைக்காரரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார்: வாரண்டு காலங்கடந்து திரும்பியது, ஆகவே புட்டிகளைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது. புட்டிகள் இல்லையேல் வழக்கே இல்லை.

அன்று முதல் இவர் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் இதையே கேட்டார். முடிவெட்டுபவரிடமும் கேட்டார்: “ஒரு தாள் நாலு நாள் லேட்டாப் போனா, பிடிச்ச பொருள் பிடிக்காததாயிடுமா?”

“எனக்கென்னங்க தெரியும், தலைய ஆட்டாதீங்க.”

எதிர்வீட்டு வக்கீலம்மா பொறுமையாகவே விளக்கினார்: “தேடினது சரியான நாள்லதானே? தாள் தாமதமானது தப்புதான். அதனால சோதனை கெட்டுடாது. நடுவுல யாராவது பட்டியல்ல கைவெச்சாங்களா, அந்தாளுக்குப் பாதகமாச்சான்னுதான் பாப்பாங்க. பெரும்பாலும் ஏத்துக்குவாங்க. ஆனா நீதிபதி மனசுக்குள்ள நான் எட்டிப் பாக்க முடியாதே.” அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இவர் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

மேலதிகாரி வேறு வழி சொன்னார்: “காய்ச்சல்ல படுத்திருந்தேன்னு சொல்லிடுய்யா. முடிஞ்சுது.”

“மச்சான், காய்ச்சல் வந்திருக்கலாம்ல?” என்று என்னிடம் கேட்டார்.

“வந்துச்சா மாப்ளே?”

“எங்க வந்துச்சு, சனியன்! வர வேண்டிய நேரத்துல எது வந்திருக்கு எனக்கு?”

விசாரணையன்று உடன் சென்றேன். கூண்டில் நின்றவரிடம் கடைக்காரரின் வக்கீல் தாமதத்துக்குக் காரணம் கேட்டார். மேலதிகாரி பின்வரிசையில் தொண்டையைச் செருமினார்.

“என் கணக்குத் தப்புங்க. பத்து நாளை ஏழாம் தேதியிலேர்ந்து எண்ணிட்டேன்.”

யாரோ சிரித்தார்கள்.

“அந்த நாலு நாள்ல பட்டியலைத் திருத்தினீங்களா?” என்றார் நீதிபதி.

“இல்லைங்க. சோதனை முடிஞ்ச அன்னிக்கே நகல் அவருக்குக் கொடுத்தாச்சு.”

நீதிபதி கடைக்காரரிடமிருந்த நகலை வாங்கி, வந்து சேர்ந்த பட்டியலோடு வரிவரியாக ஒத்துப்பார்த்தார். அவ்வளவு நேரமும் கூண்டில் இவர் கட்டைவிரல் கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்தது.

“தாமதம் குறைதான். அதனால் சோதனை கெடவில்லை, எவருக்கும் பாதகமில்லை. புட்டிகள் சாட்சியமாக ஏற்கப்படுகின்றன.”

இறங்கி வந்தார். சுவரோர பெஞ்சில் அந்தக் குழந்தையின் தாய் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கிய மகளை மடிக்கு இழுத்துக்கொண்டு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்ந்து, இவரை நிமிர்ந்து பார்த்தாள். இவர் தலையசைத்தார், உட்காரவில்லை. அவை கலையும்வரை அந்தக் காலி இடத்தின் பக்கத்திலேயே கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.