லண்டனிலிருந்து எத்தனை மணி நேரம்

அந்த வருடம் அப்பா என்னைப் படுத்திய பாட்டை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அக்காவுக்கு லண்டனில் தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பதில் போகாவிட்டால் இடம் போய்விடும். அப்பா சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ விமானம் எவ்வளவு தூரம் பறக்கும் என்பதிலேயே நின்றுவிட்டார்.

வாத்தியாரிடம் கேட்டு வந்து, ஆறாயிரத்து ஐந்நூறு மைல் என்றேன்.

"மைல யாரு கேட்டா? மணிய சொல்லு."

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சொன்ன மணியையும் அவர் நம்பவில்லை. பறந்து வந்தவனைத்தான் கேட்க வேண்டுமாம். எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு நாலு வாக்கியம் வரும், வாய்தான் வராது. யாராவது முகத்தைப் பார்த்தாலே தரையைப் பார்க்கிற என்னை, ஞாயிறுதோறும் தொழிற்சாலை வாசலில் நிறுத்தி முதுகில் தள்ளினார்.

"கேளு பிள்ள. லண்டன்லேருந்து கோலாலம்பூருக்கு எத்தன மணி நேரம்?"

"அக்கா இங்கேருந்துதானப்பா அங்க போவுது?"

"நான் சொன்ன மாதிரி கேளு லா!"

கேட்டேன். ஒருவர் சிட்னிக்காரர். அவர் தம் ஊருக்கான தூரத்தை அன்பாக விளக்கினார். இன்னொருவர், நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏற வேண்டும் என்றார். கடைசியாக ஓர் அம்மையார், இங்கிருந்து லண்டனுக்குப் போகும்போது பதினாலு மணி நேரம், அங்கிருந்து வரும்போது காற்று தள்ளுவதால் கொஞ்சம் குறையும் என்றார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, வர்றப்ப கம்மி!"

அதோடு விட்டாரா? வீட்டுக்கு வந்து, கோலாலம்பூரிலிருந்து தாப்பாவுக்கு பஸ், அங்கிருந்து மலைப்பாதை, மழையில் மண் சரிந்தால் காத்திருக்கும் நேரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாரும்மா, நான் இன்னும் கெளம்பவே இல்ல. அதுக்குள்ள என்னைய கொண்டாந்து நம்மூரு தானா ராத்தாவுல எறக்கிட்டாரு!"

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. விரல்களை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கினார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"போவட்டும். சேதி தாக்கல் கெடச்ச ஒடனே ஏறுனா, மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள வந்துறலாம்."

அக்கா துள்ளிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். நல்ல சேதி கேட்டு இவருக்கென்ன வந்தது என்று எனக்கு அவர்மேலும் எரிச்சல்தான்.

எங்கள் லயத்து வீடுகளில் யாராவது இறந்துபோனால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். அப்பாவின் கணக்கோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் அன்று தெரியவில்லை.